தணிகாசலம் பீட்சா சுட்ட கதை

குருவுக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. சீடரோ ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். ஏற்காட்டில் செலின் நடத்தும் சின்ன பீட்சா கடையின் பின்பக்கம், முட்டை வடிவப் பீங்கான் கரி அடுப்புக்கு முன்னால் தணிகாசலம் கைகட்டி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் பூங்கோதை வருகிறாள். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள். கோபத்தில் அவர்தான் பேச்சை நிறுத்தியிருந்தார். இப்போது முதன்முறையாகப் புருஷனோடு வருகிறாள். அவளுக்குப் பிடித்த பீட்சாவைத் தன் கையாலேயே சுட்டுப் போட வேண்டும் என்று மனிதருக்கு ஒரே பிடிவாதம். இதே மாதிரி அடுப்பு ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டார்.

செலின் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கரி நன்றாகத் தீப்பிடித்ததும் மூடிவிட வேண்டும். உள்ளே இருக்கும் கல் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். மாவை மெல்லிசாக விரிக்க வேண்டும், மேலே எதையும் அள்ளிக் கொட்டக் கூடாது. பீட்சாவைக் கல்லில் வைத்த பிறகு, வாசனை வரும்வரை மூடியைத் தொடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பீட்சா உள்ளே போனதுதான் தாமதம், மூடியைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். மறுபடி தூக்கினார். தூங்குகிற பயணியையும் தட்டி எழுப்பிச் சீட்டுக் கேட்ட கை, சும்மா இருக்குமா?

வெளியே எடுத்தபோது அடி கருகியிருந்தது. மேலே சீஸ் உருகக்கூட இல்லை.

"ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா நடக்கும்?"

"தூக்கும்போதெல்லாம் மேல இருக்கிற சூடு வெளிய போயிடுது சார். காத்து உள்ள போய், கீழ கரி இன்னும் வேகமா எரியுது."

அவர் முகம் தொங்கிவிட்டது. செலினுக்குப் பாவமாக இருந்தது. இன்னோர் உருண்டை மாவை எடுத்து விரித்து, கல்லில் வைத்து மூடினாள். அவர் கை மெல்ல மூடியை நோக்கிப் போயிற்று.

"உங்க பொண்ணு சின்ன வயசுல எப்படி சார்?"

கை நின்றது. வாய் திறந்துகொண்டது. குடும்பத்தோடு ரயிலில் போனால் ஜன்னலோரச் சீட்டுக்குச் சண்டை போடுவாளாம். அது கிடைத்ததும் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிவிடுவாளாம். இறங்க வேண்டிய ஊர் வந்தாலும் எழுப்ப மனசு வராமல் தோளில் போட்டுக்கொண்டே இறங்குவாராம்.

வாசனை வந்தது. அவர் கவனிக்கவே இல்லை. செலின்தான் மூடியைத் திறந்தாள். ஓரமெல்லாம் உப்பி, சீஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் துண்டைக் கடித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவகிட்ட கேக்க நிறைய இருக்கும்மா. அவன் நல்லா பாத்துக்கறானா, சம்பளம் போதுதா, எங்கிட்ட ஏன் முதல்லயே ஒரு வார்த்தை சொல்லல... வந்ததும் எதைக் கேக்கறதுன்னு தெரியல."

செலின் அவர் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள்.

"பசிக்குதான்னு கேளுங்க சார்."