ராசப்பன் கடைசியாகச் சொன்னது

அந்த நர்சிங் கல்லூரியில் ராசப்பன் என்றொரு நோயாளி இருந்தான். ரப்பர் பொம்மைதான். ஆனால் மூச்சு விடுவான், இருமுவான், கையைப் பிடித்தால் நாடி துடிக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரெஜினா மேடம் மைக்கில் பேசினால் அவன் வாயிலிருந்து பேச்சு வரும். மீசை வைத்த ஆளுக்குப் பொம்பளைக் குரலா என்று மாணவிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அன்று சுகிர்தா சிரிக்கவில்லை. காலையிலிருந்து மூன்றாம் தடவையாக ராசப்பன் அவள் கையால் செத்துப்போயிருந்தான்.

மறுநாள் வார்டுக்குப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பேர் வர வேண்டும். அதற்கு மேடம் கையெழுத்துப் போட வேண்டும். இன்று விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். தொண்ணூற்றெட்டு மார்க்குக்குக் கீழே இறங்காதவள்.

"மிஷின்ல ஏதோ கோளாறு மேடம். மருந்து சரி, அளவு சரி. திரையில வந்த எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டுட்டேன். ஏன் சாகுறான்னே தெரியல."

மேடம் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிக் கட்டிலருகே வந்தார். மறுபடி தொடங்கும் பட்டனை நோக்கிச் சுகிர்தாவின் விரல் போனது. மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துணியை இழுத்து முகத்தை மூடு. வெளியே பெஞ்சுல அவன் அம்மா உட்கார்ந்திருப்பாங்க. போய்ச் சொல்லிட்டு வா."

"அம்மாவா? பொம்மைக்கா மேடம்?"

மேடம் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுகிர்தா முகத்தை மூடினாள். பொம்மைதானே, பொம்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வராந்தா பெஞ்சில் மேடம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு.

"சிஸ்டர், எம்மவன் முழிச்சிட்டானா? கஞ்சி கொண்டாந்திருக்கேன்."

"அம்மா... அவர்..."

"ஆறிப்போகும் சிஸ்டர். உள்ளே விடுங்க."

"அவர் இறந்துட்டாரும்மா. ஊசி போட்டேன். ஒத்துக்கல."

மேடம் அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. தூக்கின் மூடியை மெதுவாக இறுக்கினார்.

"கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னான் சிஸ்டர்?"

சுகிர்தா வாயைத் திறந்தாள். என்ன சொல்ல? அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடம் கேட்டீர்களா?' என்று திரையில் ஒரு கட்டம் வரும். பொம்மையிடம் போய் என்னத்தைக் கேட்பது என்று எல்லாரும் டிக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். அவளும்தான் போட்டாள், மூன்று தடவையும்.

"மேடம், இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை மேடம்."

மேடம் எழுந்து கண்ணாடிக்குப் பின்னால் போனார். சுகிர்தா உள்ளே ஓடித் துணியை விலக்கினாள். ராசப்பனின் நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது. திரையில் அந்தக் கட்டம் வந்தது. அவள் அதைத் தொடாமல் அவன் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, இந்த ஊசி முன்னாடி எப்பவாவது போட்டிருக்கீங்களா? ஏதாச்சும் ஒத்துக்காமப் போச்சா?"

கேட்டுவிட்டு நின்றாள்.

மீசைக்காரன் வாயிலிருந்து பொம்பளைக் குரல் வந்தது.

"போன வருசம் போட்டாங்க. உடம்பெல்லாம் தடிச்சு மூச்சே முட்டிப்போச்சு. பிழைச்சதே பெரிசு."

சுகிர்தா ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"முதல் தடவையே இதைச் சொல்லியிருக்கலாமே மேடம்?"

கண்ணாடிக்குப் பின்னால் மேடம் மைக்கை விட்டு நகரவில்லை. பதில் ராசப்பனிடமிருந்துதான் வந்தது.

"இப்பத்தானே கேட்டீங்க, சிஸ்டர்."