சோபாவுக்குப் புதுத் துணி

கொள்ளிடக் கரையிலே ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்தவர் நீலாம்பிகை அம்மையார், நாற்பது வயதுத் துறவி. அவருடைய சீடர் தாண்டவமூர்த்திக்கோ அறுபது தாண்டிவிட்டது. வயதுதான் ஏறியதே தவிர அவசரம் இறங்கவில்லை. வந்த நாள் முதலாய் ஒரே நச்சரிப்பு.

“அம்மா, எனக்குக் காவி எப்போ?”

ஒரு நாள் அம்மையார் சொன்னார், “வர்ற வெள்ளிக்கிழமை.”

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

“ஆனா வீட்டு ஆள் ஒருத்தர் வந்து, தன் கையாலே அந்தத் துணியை எடுத்துக் கொடுக்கணும். அது இந்த மடத்து வழக்கம். யார் இருக்கா உங்களுக்கு?”

தாண்டவமூர்த்தியின் முகம் சுண்டிப் போயிற்று. இருப்பது ஒரே தம்பி, சபாநாதன். அம்மா செத்த நாளோடு பேச்சு அறுந்துபோன தம்பி.

“தம்பி இருக்கான். வருவானான்னு தெரியலை.”

“கூப்பிட்டுப் பாருங்க. வந்தா உட்கார இடம் வேணுமே. கூடத்திலே கிடக்கிற பழைய சோபாவைப் புதுசாக்கி வைங்க.”

தம்பி “வர்றேன்” என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த மரச் சோபா, யாரோ வீட்டைக் காலி செய்தபோது மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பெயிண்ட் செதில் செதிலாய் உரிந்திருந்தது. மெத்தை கிழிந்து நார் எட்டிப் பார்த்தது. ஆற அமரச் செய்ய வேண்டிய வேலை. நம் ஆளுக்கு அதெல்லாம் ஆகுமா? வியாழக்கிழமை சாயங்காலம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், பழைய பெயிண்ட் மேலேயே பச்சையை அடித்தார். பழைய துணி மேலேயே பூப்போட்ட புதுத் துணியை இழுத்து ஆணி அறைந்தார். அறையும்போதே இரண்டு மூட்டைப்பூச்சி வெளியே ஓடி வந்தன. அவற்றையும் துணி நுனியால் உள்ளே தள்ளி மூடினார். சாமர்த்தியசாலி!

அம்மையார் வந்து பார்த்தார்.

“பழைய துணியைக் கழட்டலையா?”

“எதுக்கும்மா? கண்ணைப் பறிக்குதே, பாருங்க. உள்ளே இருக்கிறது யாருக்குத் தெரியப் போகுது?”

அம்மையார் திரும்பிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சபாநாதன் வந்தார். வெளுத்த வேட்டியோடு சோபாவில் உட்கார்ந்தார்.

“பிரயாணமெல்லாம் சௌகரியமா?” என்றார் அண்ணன்.

“ம்.”

“வீட்டிலே எல்லாரும்?”

“ம்.”

கொஞ்ச நேரத்தில் தொடையைச் சொறிந்தார். பிறகு முதுகை. அண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சீக்கிரம் துணியைக் கொடுத்துட்டுப் போயிடட்டும், ஈஸ்வரா’ என்று மனசுக்குள் வேண்டுதல்.

அம்மையார் காவித் துணியைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். சபாநாதன் சோபாவின் கையை ஊன்றி எழுந்தார். உள்ளங்கை முழுக்கக் காயாத பச்சை. வேட்டியில் புள்ளி புள்ளியாய் ரத்தம். கையையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அன்னைக்கும் இதேதாண்ணே. நான் வர்றதுக்குள்ளே அவசர அவசரமா முடிச்சு வச்சிட்டே. அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன்னு ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு நான் வைக்க வேண்டிய கொள்ளி அது. ரயில் விழுப்புரம் தாண்டிடுச்சுன்னு போன் பண்ணிச் சொன்னேனே!”

பொழுது போயிடுச்சு, ஊர்க்காரங்க அவசரப்படுத்தினாங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காய்ச் சொல்லி வந்த பதில் தாண்டவமூர்த்தியின் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். குறடை எடுத்து வந்து ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார். புதுத் துணி வந்தது. பழைய துணியும் வந்தது. அடியில் சாரை சாரையாய் மூட்டைப்பூச்சி. தலை நிமிராமலே பேசினார்.

“காத்திருக்கலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேட்கலை. கடைசி வரைக்கும் அம்மா உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. பக்கத்திலேயே கிடந்து பார்த்தவன் நான். வயிறு எரிஞ்சுது, சபா. கொள்ளியாவது எனக்குன்னு இருக்கட்டும்னு...”

விசும்பி அழுதுவிட்டார்.

சபாநாதன் சோபாவை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார். பிறகு அடுக்களைக்குப் போய்க் கொதிக்கும் வெந்நீரைக் குண்டானோடு தூக்கி வந்தார்.

“தள்ளிக்கோ. இந்த மூலையிலே ஊத்தணும். இங்கேதான் முட்டை வச்சிருக்கு.”

ஒருவர் ஊற்ற, ஒருவர் சுரண்டினார். பச்சை போயிற்று, அதற்கடியில் இருந்த பழைய நிறமும் போயிற்று. பொழுது சாயும்போது சோபா வெறும் மரமாய் முற்றத்தில் நின்றது.

சபாநாதன் கையைத் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்த துணியை எடுத்தார்.

“அம்மா, இப்போ கொடுக்கலாமா?”

தாண்டவமூர்த்தி கை நீட்டவில்லை.

அம்மையார் சோபாவின் அருகே போய், மரத்தைத் தடவிப் பார்த்தார்.

“இன்னும் ஈரமாத்தான் இருக்கு. காயட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் தரையிலே உட்காருங்க.”