கெடுத்துக் காட்டிய வண்டி

எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர் தாண்டவமூர்த்தி தன் நிழலைப் பார்த்தாலே, “எவனைப் பார்த்துக் காப்பியடிக்கிறே?” என்று கேட்கக்கூடியவர். அந்த வருஷம் லேபில் பரீட்சை கிடையாது, ஆளுக்கொரு புராஜெக்ட்; சிறந்தவற்றுக்குப் பரிசும் உண்டு. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானே ஓடும் குட்டி வண்டி செய்ய வேண்டும்.

மாணவி முத்தரசியின் வண்டி பிசிறில்லாமல் ஓடியதும் அவர் கண் இடுங்கியது.

“எந்தக் கடையில வாங்கினே?”

“நானே செஞ்சது, சார்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. இப்பவே நிரூபி. இல்லேன்னா ஃபெயில்.”

“ஓட்டிக் காட்டினா நம்ப மாட்டீங்க. கடையில வாங்கினவங்களும்தான் ஓட்டுவாங்க. தொடாமலே இதைக் கெடுத்துக் காட்டட்டுமா, சார்?”

ஜன்னல் திரையை விலக்கினாள். வெயில் விழுந்த இடத்தில் வண்டி கோட்டை விட்டுத் தடுமாறிப் போய்ச் சுவரில் முட்டியது. திரையை மூடிக் கோட்டில் வைத்ததும் சமர்த்தாக ஓடியது.

“வெயில் பட்டா சென்சாருக்குக் கண்ணு கூசும், சார். இதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள அழுதே தீர்த்துட்டேன்.”

செய்தவளுக்குத்தானே கெடுக்கத் தெரியும்! சாருக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் சந்தேகப்படாத ஒரே ஆளும், முதல் பரிசுக்கு அவரே பார்த்து வைத்திருந்தவனுமான, கல்லூரித் தாளாளரின் தங்கை மகன் நிகிலைப் பெருமையாகக் கூப்பிட்டார்.

“நீயும் கெடுத்துக் காட்டுப்பா. எல்லாரும் பார்க்கட்டும்.”

நிகில் வண்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“ஐயோ, வேண்டாம் சார்! நாமளே கெடுத்தா கேரண்டி கிடையாதுன்னு கடையில கண்டிப்பா சொல்லியிருக்காங்க.”