தொடையெலும்பும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும்

ஒரு காலத்தில், தூத்துக்குடியில் இன்னாசியம்மாள் என்ற ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சரின் வலது தொடையில் ஓர் எலும்பு இருந்தது. அதற்குள் இரண்டு வேலையாட்களுக்கு ஓயாத வேலை. இடிப்பான் விரிசல் விட்ட பழைய இடங்களை உடைத்து எடுப்பான். பின்னாலேயே பூசுவாள் வந்து புதிதாகக் கட்டுவாள்.

டீச்சருக்கு அறுபது ஆனபோது இடிப்பானின் கை வேகமெடுத்தது. பூசுவாளால் ஈடுகொடுக்க முடியவில்லை. "ஐயோ, மெலிஞ்சு போறேனே!" என்று எலும்பு புலம்பிய நேரத்தில்தான் டாக்டர் எழுதிக் கொடுத்த எலும்பு மாத்திரை வந்தது.

அதற்கு மாப்பிள்ளை முறுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வரும். வெறும் வயிறு வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும், வந்தபின் அரைமணி நேரம் டீச்சர் படுக்கக் கூடாது. ஆனால் கெட்டிக்கார மாப்பிள்ளை. இடிப்பானைத் தூங்க வைத்துவிட்டது. டீச்சர் இரண்டு முறை வழுக்கி விழுந்தும் எலும்பு அசையவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

பத்து வருடம் போயிற்று. இடிப்பான் எழுந்திருக்கவே இல்லை. டீச்சர் நடக்க நடக்க விழுந்த சின்னச் சின்ன விரிசல்கள் அப்படியே கிடந்தன. "பழசை எடுக்காம நான் எங்கே பூச?" என்று பூசுவாள் மேலேயே அப்பினாள். எலும்பு வெளிப்பக்கமாக வளைந்தது. ஓரத்தில் ஒரு முண்டு தடித்தது.

"போதும் மாப்பிள்ளை, கிளம்புங்க" என்றது எலும்பு.

"டாக்டர் யாரும் போகச் சொல்லலையே!" என்றது மாத்திரை.

எலும்புக்குத் தெரிந்த ஒரே பேச்சு வலிதான். வலித்தது. டீச்சர் பக்கத்து வீட்டு கிரேஸிடம் சொன்னார்.

"வாயுப் பிடிப்புதான் மதினி. பூண்டுப்பால் குடிங்க."

பூண்டு உள்ளே வந்து சுற்றும் முற்றும் பார்த்தது. "இங்கே காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னை எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"முறியப் போறேன்னு நான் கத்துறேன், அவங்க பூண்டு உரிக்கிறாங்க!"

பூண்டுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னும் சத்தமா கத்து. நான் வாறேன்" என்று இறங்கிப் போனது.

மறுநாள் டீச்சரால் பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போனார். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பழைய மருந்துச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார்.

"இந்த மாத்திரை எத்தனை வருஷமா?"

"பத்து வருஷம். ஒரு ஞாயிறு தப்பினதில்ல!" டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நடுவுல யார்கிட்டயும் காட்டலையா?"

"எதுக்கும்மா? அதே சீட்டு, அதே மருந்துக்கடை."

"எலும்பு வளைஞ்சு, ஓரத்துல கீறல் விழுந்திருக்கு. நல்லவேளை, முறியுறதுக்கு முன்னாடி வந்தீங்க. மாத்திரையை நிறுத்திடலாம். நான் சொல்ற வரைக்கும் கம்பு ஊன்றி நடங்க."

உள்ளே ஒரே கும்மாளம். மாத்திரைக்கும் கோபமில்லை. "அப்பாடா, எனக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு!" என்று துள்ளிக்கொண்டு விடைபெற்றது.

பல மாதம் கழித்து இடிப்பான் சோம்பல் முறித்து எழுந்தான். எலும்பைப் பார்த்ததும் தயங்கி நின்றான்.

"இடிக்கவா, வேண்டாமா?"

எலும்பு தன் கீறலைக் காட்டிச் சிரித்தது.

"இடி ராசா, இடி. இங்கேயிருந்து ஆரம்பி."