விமானத்தில் நடந்த வாய்ப்பாடு வகுப்பு

தவசிக்கனி சார் வாயைத் திறந்தால் உண்மை மெதுவாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே போய் நின்றுகொள்ளும். வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் அவர் பேச ஆரம்பித்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார்கள். பதினோரு மணிக்குக் கொடுக்கிற வடை ஆறிப் போயிருக்கும், சார் பேச்சு ஒருநாளும் ஆறினதில்லை.

அன்றைக்குப் பயிற்சியின் பெயர் ‘வகுப்பறையில் இணைய வளங்கள்’. மாடி அறையில் முப்பது ஆசிரியர்கள். நெட்டில் சும்மா கிடைக்கிற பாட வீடியோ, வினாடி வினா செயலி, பாடப் புத்தகத்து மூலையில் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கிற கியூஆர் கோடு, இதையெல்லாம் வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று காலையிலிருந்து பேச்சு ஓடியது. காது பேச்சில் இருந்ததோ என்னவோ, எல்லார் கண்ணும் மூலையில் சாய்த்து வைத்திருந்த ஆளுயர அட்டைப்பெட்டி மேல்தான் இருந்தது. உள்ளே தொட்டால் வேலை செய்கிற பெரிய திரை. வட்டாரத்துக்கே ஒன்றுதான் வந்திருந்தது.

வட்டாரக் கல்வி அலுவலர் காதர் மைதீன் காலையிலேயே சொல்லிவிட்டார். “பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தர் எந்திரிச்சு, நெட்டுல உள்ளத வச்சு நீங்க என்ன செய்தியன்னு சொல்லுங்க. கேட்டுட்டு, சாப்பாட்டுக்கு முன்னால இந்தப் பெட்டி யாருக்குன்னு எழுதிருவேன்.” அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எழுதினால் எழுதினதுதான், அடித்தல் திருத்தல் கிடையாது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சண்முகவடிவு டீச்சருக்கு அந்தப் பெட்டி வேண்டும். ஆசைக்கு அல்ல, அவசியத்துக்கு. கல்லாங்குத்துத் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர், நாற்பத்தொரு பிள்ளைகள், ஒரே ஒரு செல்போன். அதுவும் டீச்சருடையது. ஊரில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் டவுன் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கிற அரை மணி நேரத்தில் மறுநாள் பாடத்துக்கு மூன்று வீடியோவை இறக்கிக்கொள்வார். வகுப்பில் எட்டு எட்டுப் பிள்ளைகளாகக் கூப்பிட்டுக் காட்டுவார். அந்தக் குட்டித் திரைக்கு முன்னால் எட்டுத் தலை முட்டிக்கொள்ளும். போன வாரம் பூ மலர்கிற வீடியோ ஓடும்போது கடைசி வரிசை வேணி மட்டும் அழுதாள். அவள் முறை வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அந்த அழுகை டீச்சர் மனதிலேயே நின்றுகொண்டிருந்தது.

டீச்சர் தன் முறை வந்ததும் இதைத்தான் சொன்னார். ஆனால் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் முடித்து உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. அலுவலர் தன் நோட்டில் ஏதோ எழுதினார். அடுத்து மேலப்புளியங்குறிச்சி நடுநிலைப்பள்ளி என்றார்கள். தவசிக்கனி சார் எழுந்து சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டார். டீச்சர் ஒரு தடவை பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் ரொம்பச் சொல்லப் போறதில்ல,” என்று சார் ஆரம்பித்தார். “ஆசிரியர்களுக்குன்னு நெட்டுல நாலாயிரம் லிங்க் இருக்கு. அம்புட்டும் எனக்கு மனப்பாடம்.”

“ஒண்ணு சொல்லும் வே,” என்றார் பின்வரிசையில் இருந்து ஐசக் சார். கணக்கு வாத்தியார். தவசிக்கனி சாரோடு ஒன்றாக ஆசிரியர் பயிற்சி படித்தவர், அதனால் அவரிடம் ஐசக்குக்குப் பயம் கிடையாது.

“சொன்னா இங்க இருக்க செல்லெல்லாம் தானா தொறந்துரும். எல்லாருக்கும் டேட்டா தீந்துபோவும். பாவம், வேண்டாம்.” சார் அதைத் தள்ளிவிட்டு மேலே போனார். “அறிவியல்ல நீர்ச் சுழற்சி பாடம். ஒரு வீடியோ எறக்கினேன். கடல் ஆவியாகி, மேகமாகி, மழையா விழும். படத்தோட தெளிவுன்னா அப்படித் தெளிவு. மழை வந்த எடத்துல மூணாவது பெஞ்சு நனைஞ்சு போச்சு. மறுநாள் ரெண்டு பேரு சளின்னு லீவு லெட்டர் குடுத்தான். அந்த லெட்டர் பத்திரமா வச்சிருக்கேன்.”

“கூரை ஒழுகியிருக்கும்,” என்றார் ஐசக்.

“சித்திரை மாசம் வே. வெயிலு மண்டையைப் பொளக்குது.”

அறை சிரித்தது. சிரிப்பு கேட்டதும் சாருக்கு இன்னும் ஒரு சாண் உயரம் கூடியது. “அது போகட்டும். கழித்தல் கணக்குக்கு ஒரு செயலி இருக்குல்லா, அதை நானே கொஞ்சம் திருத்தி எழுதினேன். நாப்பத்திரெண்டுல அஞ்சு போனா மிச்சம் எத்தனன்னு தட்டினேன். நிமிந்து பாக்கேன், வகுப்புல முப்பத்தேழு பிள்ளைதான் இருக்கு. அஞ்சு பேரக் காணோம்.”

“பெத்தவங்க சும்மாவா விட்டாங்க?” என்றார் ஐசக்.

“அவுக வாரதுக்குள்ள கூட்டல்ல போட்டுத் திரும்ப எடுத்துட்டேன். பதட்டத்துல அஞ்சுக்குப் பதிலா ஆறு தட்டிட்டேன், அதான் சங்கடம். கூட ஒரு பய வந்து நிக்கான். யாரு பிள்ளைன்னு இன்னும் தெரியல. நல்லாப் படிக்கான். வருகைப் பதிவேட்டுல சேத்துட்டேன்.”

அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். “அந்தப் பையனுக்கு ஆதார் இருக்கா?”

“அதுக்குத்தான் சார் அலைஞ்சிக்கிட்டு இருக்கோம்.”

முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சண்முகவடிவு டீச்சரும் சிரித்தார், சிரிக்கும்போதே மனசு கனத்தது. இந்த மனுசன் பெட்டியைப் பேசியே தூக்கிக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது. அலுவலரோ ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். டீச்சர் முதல் வரிசையில் இருந்ததால் அந்த நோட்டு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் ‘பயன்பாடு’, மறுபக்கம் ‘தேவை’. கல்லாங்குத்துக்கு நேராக இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரி. தவசிக்கனி சாருக்குப் பயன்பாட்டுப் பக்கம் நிரம்பி வழிந்தது. தேவைப் பக்கத்தில் ஒரு புள்ளி கூட இல்லை.

டீச்சர் அந்த வெள்ளை இடத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயைப் பிளந்து கேட்கிற ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். “சார், கியூஆர் கோடு வச்சு ஏதோ பெரிசா செஞ்சியளாமே. அதையும் சொல்லுங்க சார்.”

நம்பிக் கேட்கிற ஒரு காது கிடைத்தால் தவசிக்கனி சாரைக் கையில் பிடிக்க முடியாது. “டீச்சர் கேட்டாங்க பாரு, அது கேள்வி. மார்கழி மாசம். எட்டாம் வகுப்புப் பிள்ளையள மைதானத்துல கோலம் போடச் சொன்னேன். புள்ளிக் கோலம் இல்ல, கியூஆர் கோடு. நாப்பது மூட்டை கோலப்பொடி. ஒவ்வொரு கட்டமும் ஒரு வீட்டு அகலம். தூத்துக்குடிக்குப் போற விமானம் மேல பறந்துச்சு. ஜன்னலோரம் ஒருத்தரு சும்மா செல்ல நீட்டுனாரு. அம்புட்டுதான், விமானம் பூரா பதினாறாம் வாய்ப்பாடு ஓடுது. விமானி, பதினாறெட்டு நூத்தியிருபத்தெட்டு வரைக்கும் சொல்லி முடிச்சிட்டுத்தான் எறக்குவேன்னு வானத்துலயே மூணு சுத்து சுத்திட்டாரு.”

“உமக்கே பதினாறாம் வாய்ப்பாடு தெரியாதே வே,” என்றார் ஐசக்.

“அதனாலதான் நெட்டுல உள்ளதப் போட்டேன்.”

டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “அம்மாடி. அப்ப உங்க ஊருல நெட்டு நல்லாக் கெடைக்கும் போலயே சார்.”

“கெடைக்கவா? நெட்டு எங்க பள்ளிக்கூடத்துல இருந்துதான் மத்த ஊருக்கே போகுது டீச்சர். வேப்பமரத்துல ஒரு வயரு சுத்தி வச்சேன். வேரு வழியா எறங்கி ஊரு பூரா பரவிட்டு. கெணத்துல வாளி விட்டா ஒரு பாடம் டவுன்லோடு ஆகி மேல வருது. மேய வந்த ஆடு ஒண்ணு புத்தகத்துல கியூஆர் கோடு உள்ள பக்கத்தத் தின்னுட்டு. இப்ப அதுகிட்ட விடை கேட்டா தலைய ஆட்டுது.”

“எந்தக் கேள்விக்கு வே?”

“சரியா தப்பான்னு கேக்கிற கேள்விக்கு.”

ஐசக் தோற்றுப்போய் வடையைக் கடித்தார். டீச்சர் விடவில்லை. கும்பிடாத குறையாகக் கேட்டார். “இவ்வளவும் பிள்ளையளுக்குக் காட்ட எத்தன கம்ப்யூட்டர் வச்சிருக்கிய சார்?”

“கம்ப்யூட்டரா? சுண்ணாம்பு அடிச்ச சொவரு போதும் டீச்சர். கை வச்ச எடத்துல படம் ஓடும். அதுகூட போன வருசம். இந்த வருசம் சொவரும் வேண்டாம். கண்ண மூடுங்கடான்னா மூடுவான். கண்ணுக்குள்ள பாடம் ஓடும். ஆளுக்கொரு பாடம், அவனவன் வேகத்துக்கு. ராத்திரி தூங்கையில வீட்டுப்பாடமும் அதுலயே முடிஞ்சிரும்.”

“அப்ப உங்களுக்குத் திரையே வேண்டாம் போலயே சார்.”

“தெரை எதுக்கு டீச்சர்?” சார் இடது கையை வீசினார். “அது நடக்கத் தெரியாத பிள்ளைக்கு நடவண்டி மாதிரி. நாங்க ஓட ஆரம்பிச்சு வருசம் ஆச்சு.”

அலுவலர் தேவைப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். பேனா உரசுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. முதலில் புரிந்தது ஐசக்குக்குத்தான். வடை புரையேறிவிட்டது. அவர் இருமுகிற இருமலைப் பார்த்துத்தான் தவசிக்கனி சார் நோட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அதே பக்தியோடு உட்கார்ந்திருந்தார்.

“சார், அதாவது,” என்று தவசிக்கனி சார் இழுத்தார்.

“சொல்லுங்க,” என்றார் காதர் மைதீன். “இதுவரைக்கும் சொன்னது மெய்யா, பொய்யா? பொய்யின்னா எல்லாத்தையும் அடிச்சிருதேன். அப்ப உங்க பள்ளிக்கூடத்துக்குப் பயன்பாடு ஒண்ணும் இல்லன்னு ஆகும். மெய்யின்னா உங்களுக்கு எதுவும் தேவைப்படல.”

அடித்தல் திருத்தலே இல்லாத நோட்டில் ஒரு பக்கத்தையே அடிப்பேன் என்கிறார் மனுசன். சார் முகத்தில் வேர்த்தது. பெட்டி வேண்டுமென்று அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் முப்பது பேர் நடுவில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. பயிற்சிப் பள்ளிக் காலத்திலிருந்து வாங்கினதில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, “அத்தனையும் மெய்தான் சார்,” என்றார்.

“கல்லாங்குத்து. டீச்சர், வந்து கையெழுத்துப் போடுங்க.”

டீச்சர் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தொரு பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பூ மலர்வதைப் பார்க்கப் போகிறதை நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. தவசிக்கனி சாரைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பாவம் என்றாலும் பெட்டியை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு இல்லை.

பெட்டியைக் கீழே நிற்கிற லோடு ஆட்டோவுக்கு இறக்க வேண்டும். குறுகலான மாடிப்படி, பிடிக்க நாலு ஆள் வேண்டும். யாரும் கூப்பிடாமலே முதலில் வந்து முன்மூலையைப் பிடித்தவர் தவசிக்கனி சார்தான். அவர் மனசு அப்படி, வாய்தான் இப்படி. பின்னால் ஐசக்கும் இன்னும் இரண்டு பேரும் பிடித்தார்கள். டீச்சர் பெட்டியில் ஒரு கை வைத்தபடி கூடவே இறங்கினார்.

நாலு படி இறங்குவதற்குள் சாருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. திரும்பி நின்று, பின்பக்கமாகக் காலை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். “டீச்சர், இந்தத் தெரையக் கண்டுபிடிச்சது யாருன்னு நெனைக்கிய? போன வருசம் ஒரு கம்பெனிக்காரன் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான். சார், உங்க சொவத்துல ஒரு துண்டு வெட்டிக் குடுங்கன்னு காலப் பிடிச்சு அழுதான். வெட்டிக் குடுத்தேன். அதத்தான் பிளாஸ்டிக்க மாட்டி...”

“சார்,” என்றார் சண்முகவடிவு டீச்சர். “புளுகுறத கீழ போயிப் புளுகுங்க. இப்ப படியப் பாத்து எறங்குங்க.”