எக்கின வயிறு

என்னங்கடா, கதைன்னதும் நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்துட்டீங்க? வயித்தை விடுங்கடா, போட்டோவா எடுக்கப் போறேன்?

ஒரு காட்டுல, குன்றுக்கு அடியில ஒரு கிழங்குக் குழி. உள்ள போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே வாசல். அங்க தோண்டுற கூட்டத்துலயே பெரிய உடம்பு கரடி ஒச்சப்பனுக்குத்தான்.

ஒருநாள் குழி மேஸ்திரி முள்ளம்பன்றி முத்திருளாயி நீளமா ஒரு கொடியோட வந்துச்சு. எதுக்குன்னு சொல்லல. "வரிசையா நில்லுங்க, இடுப்பளவு எடுக்கணும்"ன்னுச்சு.

கூடத் தோண்டுற குரங்கு ஒச்சப்பன் காதுல ஊதுச்சு: "மாப்ள, தொப்பைக்காரனையெல்லாம் வேலையை விட்டு அனுப்பப் போறாங்களாம். மூட்டையைக் கட்டு!"

ஒச்சப்பனுக்குப் பக்குன்னு ஆயிருச்சு. வேலை போச்சுன்னா வீட்டுல ரெண்டு குட்டிக்கு என்னத்தைப் போடுறது? கொடி கிட்ட வந்ததும் வயித்தை எக்கி, முதுகெலும்போட ஒட்ட வச்சுக்கிட்டு நின்னுச்சு.

"தம்பி, மூச்சு விடுறியா?"

"விட்டுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டே சொல்லுச்சு.

முத்திருளாயி கொடியில ஒரு முடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. வேலை போகல. அப்பாடான்னு இருந்துச்சு ஒச்சப்பனுக்கு.

பத்து நாள் கழிச்சுப் பாத்தா, குழியோட பின்பக்கம் புதுசா ஒரு வளை. முத்திருளாயி அதே கொடியை வச்சு அளந்து அளந்து தோண்டுது.

"இது எதுக்குக்கா?"

"மழையில வாசல் இடிஞ்சா தப்பிக்கிற வழி. உன் அளவுதான் தம்பி. நீ நுழைஞ்சா எல்லாரும் நுழைவாங்கல்ல?"

ஒச்சப்பன் குனிஞ்சு தன் வயித்தைப் பாத்துச்சு. சொல்லிரலாமா? சொன்னா பொய் வெளிய வந்துருமே! சொல்லாமலே கிழங்கு தோண்டப் போயிருச்சு. அன்னையிலருந்து மேகம் கருத்தா போதும், ஓடிப்போய் அந்த வளையை எட்டிப் பாக்கும். சோறு இறங்கல. ஆனா பாழாப்போன வயிறு மட்டும் ஒரு விரல்கூடக் குறையல.

ஒருநாள் பேய் மழை. வாசல் தடதடன்னு சரிஞ்சுருச்சு. சேத்துத்தண்ணி உள்ள பாயுது. எல்லாரும் பின்பக்கம் ஓடுனாங்க. தள்ளுமுள்ளுல ஒச்சப்பன்தான் முன்னாடி. தலை போச்சு, தோள் போச்சு, வயிறு மாட்டிக்கிச்சு!

பின்னாடி குரங்கு கத்துச்சு: "எக்குடா மாப்ள, எக்கு! தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு!"

"மூச்சே வாங்குதுடா, எங்கிட்டு எக்குறது!"

முத்திருளாயி யோசிக்கல. முன்னால பாஞ்சு, முதுகு முள்ளால ஒச்சப்பன் பின்பக்கத்துல ஒரே குத்து. "ஐயோஓஓ!"ன்னு அலறுன அலறல்ல இருந்த மூச்செல்லாம் வெளிய போச்சு. வயிறு உள்ள போச்சு. தோலை உரிச்சுக்கிட்டு ஒச்சப்பன் வெளிய விழுந்துச்சு. அது மேலயே மத்தவங்களும் வந்து விழுந்தாங்க.

முத்திருளாயி கொடியைப் புரட்டிப் புரட்டிப் பாத்துச்சு. "அளவு சரியாத்தானே எடுத்தேன்? கொடி சுருங்கிருச்சோ?"

குரங்கு நைசா ஒரு மரத்து மேல ஏறிக்கிச்சு.

ஒச்சப்பன் பின்பக்கத்தைத் தடவிக்கிட்டே சொல்லுச்சு: "கொடி மேல தப்பில்லக்கா. நான்தான் எக்கிக்கிட்டு நின்னேன்."

நீதி: அளக்கும்போது எக்குற வயிறு, ஆபத்துல எக்காது.