பதினோரு கூட்டமும் ஒரு நண்டு வளையும்

கோரைக் குளத்தின் நடுவே ஒரு தாழைக்கோழி ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. கூட்டைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் காவல். கரையில் சுற்றும் கீரிக்கு உடம்பு நனைவது பிடிக்காது.

ஆனால் கீழ்க்கரையில் ஒரு நண்டு வளை வழியாகத் தண்ணீர் வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. தாழைக்கோழி குளத்து மன்றத்தில் மனுக் கொடுத்தது. உயரமான பாறைமேல் மன்றம் கூடியது. முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, திருத்தம், திருத்தத்துக்கு ஒரு திருத்தம் என்று பதினோரு கூட்டம் போட்டது. தண்ணீர் எந்தக் கூட்டத்துக்கும் காத்திருக்கவில்லை.

"தலைவரே, கீரி இன்றைக்குப் பாதித் தூரம் நடந்தே வந்துவிட்டது!" என்று பதறியது தாழைக்கோழி.

"கொஞ்சம் பொறு, அம்மா. நாளைக்கு ஆய்வு வருகிறது," என்றது தலைவர் ஆமை. "இப்போதே அடைத்துவிட்டால் பன்னிரண்டாவது கூட்டத்தில் எதைப் பேசுவதாம்?"

மறுநாள் பெரிய ஏரியிலிருந்து கூழைக்கடா வந்து பாறைமேல் இறங்கியது. ஒவ்வொரு குளத்து மன்றத்துக்கும் தரம் போடுவது அதன் வேலை.

"உறுப்பினர் வருகை எப்படி?"

"எல்லாரும், எல்லா நாளும்!" என்று கத்தியது உறுப்பினர் தவளை. "ஒரு வளைக்கே பதினோரு கூட்டம், ஐயா!"

"அடடா, என்ன அக்கறை! முதல் தரம்!"

"ஐயா, அந்த வளை இன்னும் திறந்துதான் கிடக்கிறது!" என்றது தாழைக்கோழி, கூட்டிலிருந்தபடியே.

"அதை எழுத என் படிவத்தில் இடமில்லையே, அம்மா."

வேலை முடிந்த சந்தோஷத்தில், "ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்," என்று கூழைக்கடா பாறையிலிருந்து பாய்ந்தது. தொப்! ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. அலகு முழுக்கச் சேற்றில் செருகிக்கொண்டது. முக்கி முனகி உருவியபோது தொண்டைப் பை நிறையச் சேறு. தவளை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது.

தாழைக்கோழி ஒரு தரம் முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரே ஓட்டமாக வந்தது.

"இங்கே துப்பாதீங்க, ஐயா! கீழ்க்கரைக்கு வாங்க!"

வாய் திறக்க வழியில்லாமல் கூழைக்கடா பின்னாலேயே போனது. காட்டிய இடத்தில் துப்பியது. வளை பாதி அடைபட்டது. இன்னொரு பைச் சேறு அள்ளிப் போட்டது. முழுதும் அடைபட்டது. தாழைக்கோழி மேலே கோரையை வைத்து மிதித்துவிட்டுக் கூட்டுக்குப் பறந்தது.

"இவ்வளவுதானா வேலை?" என்றது கூழைக்கடா.

"இவ்வளவுதான், ஐயா! பதினோரு கூட்டமாக இதைத்தான் கேட்டேன்!"

வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது வெளியே ஒழுகாமல் குளத்திலேயே நின்றது. மாலைக்குள் கூட்டைச் சுற்றி ஏறிவிட்டது. கீரி ஈரக் காலை உதறிக்கொண்டு திரும்பிப் போனது. ஐந்து முட்டைகளும் பத்திரம்.

கூழைக்கடா பாறைக்குத் திரும்பி, படிவத்தில் எழுதியிருந்த முதல் தரத்தை அடித்துவிட்டது. ஆமை மெல்லக் கழுத்தை நீட்டியது.

"ஐயா, வளைதான் அடைபட்டுவிட்டதே! அதையும் மன்றத்தின் சாதனையாகச் சேர்த்துக்கொள்ளலாமே?"

வாயில் மிச்சமிருந்த சேற்றைப் பாறைமேல் துப்பிவிட்டுக் கூழைக்கடா பறந்தது.

ஒரு மன்றம் எத்தனை முறை கூடியது என்று கேட்டு அதன் தரத்தை எழுதக் கூடாது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று இறங்கிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.